தொட்டுக்க ஒரு நிலை

அக்காவுக்கு மொத்தம் இருபது நிலைகள்தான் என்று ஹபீப் சொன்னதும் நான் கைப்பையில் பேனாவைத் தேடத் தொடங்கினேன்.

"அதுக்கு மேல போகவே முடியாதுங்களா?" என்று மாமா கேட்டார். மாமா என்றால் அக்காவின் கணவர் பூபதி. பம்பு மோட்டார் பட்டறையிலிருந்து நேராக வந்திருந்தார். சட்டைக் கையில் கிரீஸ் இருந்தது.

"முடியாதுங்க. ஒவ்வொரு நிலைக்கும் ஒரு ஊசி. ஊசி போட்டா மூளை கொஞ்சம் இளகும். அந்த நாலு நாள்ல எதைப் பழகுறாங்களோ அது பதிஞ்சிரும். இருபத்தொண்ணாவது ஊசி போட்டா வலிப்பு வரும்."

"பதிஞ்சதை மாத்தலாமா?"

"மாத்த முடியாது."

ஹபீப் அந்த மறுவாழ்வு மையத்தின் பயிற்சியாளர். முப்பது வயதிருக்கும். சுவர்த் திரையில் நான்கு உருவங்களைக் காட்டினார். வாளோடு ஒருவன், யாழோடு ஒருவன், கோலோடு ஒருவன், வில்லோடு ஒருவன். எனக்கு அவர்களைத் தெரியும். 'ஏழு கோட்டை' கணினி விளையாட்டில் நானும் அக்காவும் பத்து வருடம் அவர்களோடுதான் வாழ்ந்தோம். அதையே மருத்துவத்துக்காக மாற்றியிருந்தார்கள். வாள் வீசும் இடத்தில் தோள்பட்டைப் பயிற்சி. பாட்டுப் பாடும் இடத்தில் நாக்குப் பயிற்சி. வெறும் பயிற்சி என்றால் நோயாளிகள் நான்காம் நாளே விட்டுவிடுவார்களாம். பாதியில் நிற்கும் டிராகனை யாரும் விடுவதில்லையாம்.

"வீரனா விளையாடினா கை, கால் வரும். பாணனா விளையாடினா பேச்சு. மந்திரவாதின்னா கணக்கு, யோசனை. வேடன்னா அடையாளம் கண்டுபிடிக்கறது. வழி, இடம், தடம், அந்த மாதிரி."

"அப்ப இருபதையும் வீரனுக்கே போட்டுருங்க," என்றார் மாமா. "கையும் காலும் வந்தாப் போதும். பேசாட்டிப் பரவால்லீங்க. அவ என்ன நெனைக்கறான்னு எனக்குத் தெரியும்."

அக்கா சக்கர நாற்காலியில் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேகத்தடையில் ஸ்கூட்டர் தூக்கி எறிந்து இருபத்தாறு நாள் ஆகியிருந்தது. வலது பக்கம் அசையவில்லை. ஒரு சொல்லும் வரவில்லை. மோட்டார் காயில் சுற்றுவதில் அவளைப்போல் வேகமானவர்கள் பட்டறையில் இல்லை. மாமா அவள் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெங்களூர் ஆய்வகத்தில் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவள் நான். தினமும் சாயங்காலம் அக்கா போனில் பேசாவிட்டால், நான் அன்று யாரிடமும் பேசவில்லை என்று அர்த்தம்.

"வீரனுக்குப் பதினொண்ணு போதுங்க," என்றேன்.

ஹபீப் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் அந்த அறையில் பேசிய முதல் வாக்கியம் அது.

காகிதத்தில் எழுதிக் காட்டினேன். இருபது நிலையையும் வீரன் என்று ஒரே தொழிலில் கொட்டுவது சோம்பேறிகள் ஆளைக் கட்டும் விதம், விளையாட்டு மொழியில் சோம்பேறி பில்டு. ஒவ்வொரு தொழிலுக்கும் சில படிகளில்தான் உண்மையான வரம் இருக்கிறது. மற்றவை வெறும் படிகள். வீரனுக்கு ஐந்தில் இரண்டாம் வீச்சு, அதாவது இரண்டு கையும் சேர்ந்து வேலை செய்யும். பதினொன்றில் மூன்றாம் வீச்சு. நடை, விரல், பிடி. அதற்கு மேல் பலம் கூடும், புதிதாக ஒன்றும் வராது. பாணனுக்கு மூன்றில் பெயர்கள், ஆறில் துண்டு துண்டாகப் பேச்சு, ஒன்பதில் முழுப் பாட்டு. பதினொன்றும் ஒன்பதும் இருபது. ஒரு நிலைகூட வீணாகாது.

"நாங்க வழக்கமா பன்னெண்டு, எட்டுன்னு பிரிப்போம்," என்றார் ஹபீப்.

"எட்டுல பாணனுக்கு ஒண்ணுமே இல்லீங்க. உங்க ஆளுங்க எல்லாரும் முழு வாக்கியத்துக்கு ஒரு படி முன்னாடி நின்னுட்டாங்க."

அவர் காகிதத்தைத் தன் பக்கம் திருப்பி வைத்து நெடுநேரம் பார்த்தார். "இப்படி யாரும் எங்களுக்குச் சொல்லல," என்றார். பிறகு, "பதினொண்ணு, எட்டு. மிச்சம் ஒண்ணை வேற ஏதாவதுல போட்டா?"

"தொட்டுக்கவா? வேண்டாங்க."

சொல்லிவிட்டு விளக்க வேண்டியிருந்தது. அது எங்கள் வீட்டுச் சொல். வேறொரு தொழிலில் ஒரே ஒரு நிலை எடுத்து அதன் முதல் வரத்தை மட்டும் வாங்கிக்கொள்வது. எந்தத் தொழிலும் முதல் நிலையில்தான் அதிகம் கொடுக்கும். பதினான்கு வயதில் அக்கா வைத்த பெயர் அது. தட்டு நிறைய சோறு இருந்தாலும் தொட்டுக்க ஒன்று வேண்டுமே, அந்த மாதிரி. அவளுடைய ஆட்கள் எல்லோரும் அப்படித்தான். நான்கு தொழிலிலும் ஒவ்வொரு வாய். ஒரு பெரிய மந்திரமும் தெரியாது. சண்டையில் முதலில் சாவாள், சிரிப்பாள். நான் கணக்குப் போட்டுக் கட்டிய ஆள் கடைசிவரை நிற்பான்.

"அக்கா," என்றேன். அவள் என் பக்கம் திரும்பினாள். "பதினொண்ணு, ஒன்பது. சரியா?"

இடது கை கட்டைவிரல் லேசாக அசைந்தது. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம். மாமா கையெழுத்துப் போட்டார்.

*

வீட்டுக்கு ஒரு பட்டியல் கொடுத்திருந்தார்கள். அதிக வெளிச்சம் ஆகாது. மிக்ஸி, குக்கர் விசில், டிவி ஆகாது. குழந்தையின் கொலுசை நான்தான் கழற்றி பீரோவில் வைத்தேன். அக்காவின் மகள் இதழினிக்கு நாலரை வயது. முத்து வைத்த கொலுசு, அக்கா வாங்கியது. "அம்மாக்குத் தல வலிக்கும் கண்ணு" என்றபோது காலை நீட்டினாள்.

ஐந்தாவது ஊசிக்கு அக்கா இரண்டு கையாலும் துண்டைப் பிழிந்தாள். எட்டாவதுக்கு, "தண்ணி" என்றாள். மாமா அன்று பட்டறைக்குப் போகவில்லை. வீட்டில் இருந்த பொருள்களை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து அவள் முன்னால் தூக்கிக் காட்டினார். "கரண்டி." "தலைகாணி." "ஸ்குரூ... ஸ்குரூ..." "டிரைவரு," என்று அவரே முடித்துவிட்டு, "வந்துருச்சு பாத்தியா அனு," என்றார் என்னிடம்.

பத்தாவது ஊசி போட்ட வாரத்தில்தான் அந்தச் சொல் வந்தது. காலை. தோசை. நாங்கள் மூவரும் சேர்ந்து உட்காருவது அப்போது மட்டும்தான்.

"தொட்டுக்க," என்றாள் அக்கா.

மாமா தேங்காய்ச் சட்னியை இன்னும் ஒரு கரண்டி ஊற்றினார்.

"தொட்டுக்க."

பொடியும் எண்ணெயும் வந்தன. அக்கா தட்டைத் தள்ளினாள். மறுநாள் தக்காளிச் சட்னி. அதற்கு மறுநாள் கத்தரிக்காய்க் கொத்சு. மாமா யாரிடமோ கேட்டு வெங்காயத் தொக்கு கிண்டினார். ஒன்றும் நடக்கவில்லை. "தொட்டுக்க, தொட்டுக்க" என்று கண்ணில் நீர் வரச் சொல்வாள்.

"மகாராணிக்கு நாலு தினுசு வேணுமாமா?" என்றார் மாமா. "கல்யாணம் ஆன புதுசுல பச்சமொளகாயும் உப்பும் வெச்சுத் தின்னவ."

ஹபீபிடம் கேட்டேன்.

"மாட்டிக்கிட்ட வார்த்தைங்க அது. தலையில அடிபட்டவங்களுக்கு ஒரு சொல் மட்டும் இப்படி நின்னுரும். வேற எதையோ சொல்ல நினைப்பாங்க, இதுதான் வரும். அர்த்தம் தேடாதீங்க. தேடினா உங்களுக்குத்தான் தூக்கம் போகும்." பிறகு தன் குறிப்பைப் புரட்டினார். "இன்னொண்ணு. விளையாட்டுல தினமும் வேடர் குடிசைப் பக்கம் போய் நின்னுக்கறாங்க. திருப்பித் திருப்பிக் கூட்டிட்டு வர்றோம்."

"வழி தெரியாமயா?"

"அதான் புரியல. வழி எல்லாம் சரியாத் தெரியுது. போறாங்க, நிக்கறாங்க."

'கவனச் சிதறல்' என்று எழுதினார். நான் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினேன்.

எனக்கு அந்த நாட்களில் உட்கார முடியவில்லை. ஹாலுக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டே இருந்தேன். நான் சத்தமில்லாமல் நடப்பவள், சின்ன வயதிலிருந்தே. அக்கா ஒவ்வொரு முறையும் திடுக்கிட்டாள். "நான்தான்க்கா," என்ற பிறகுதான் அவள் தோள் இறங்கும். அதிர்ச்சி இன்னும் தெளியவில்லை என்று நினைத்தேன்.

ஒரு நாள் இதழினியும் பக்கத்து வீட்டு ரித்திகாவும் பள்ளியிலிருந்து ஒரே சீருடையில், ஒரே மாதிரி இரட்டைப் பின்னலோடு வந்து வாசலில் நின்றார்கள். அக்கா இரண்டு பேரையும் பார்த்தாள். பிறகு ரித்திகாவை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு தலையைத் தடவினாள்.

"உன்ற அம்மாவுக்கு எல்லாப் புள்ளையும் ஒண்ணுதான்," என்று மாமா சிரித்தார். இதழினி சிரிக்கவில்லை. அன்று சாயங்காலம் என்னிடம் வந்து, "சித்தி, அம்மா என்னையப் பாக்கவே மாட்டீங்குது," என்றாள்.

"பாக்குது கண்ணு."

"பாக்குது. ஆனா பாக்க மாட்டீங்குது."

அதற்குப் பிறகு அவள் அக்காவின் அறைக்குள் போனால் பேசுவதில்லை. கதவோரம் நின்று பார்த்துவிட்டு வந்துவிடுவாள்.

*

பத்தொன்பது ஊசி முடிந்தது. வீரன் பதினொன்று, பாணன் எட்டு. அக்கா ஒரு கைத்தடியோடு நடந்தாள். இரண்டு இரண்டு சொல்லாகப் பேசினாள். "காப்பி வேணும்." "கால் வலி." நான் சொன்ன கணக்கு அப்படியே நடந்துகொண்டிருந்தது.

கடைசி ஊசிக்கு முந்தைய நாள். மையத்தின் காத்திருப்பு அறை. மாமா வண்டியை நிறுத்தப் போயிருந்தார். தட்டு இல்லை, தோசை இல்லை, சாப்பாட்டு வேளையும் இல்லை. அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள். வலது கை. நான் வாங்கிக் கொடுத்த வலது கை.

"அனு. ஒண்ணு," என்று ஒரு விரலைக் காட்டினாள். "தொட்டுக்க."

அவள் கேட்டது சட்னி இல்லை. ஒரு நிலை.

மேசையில் நோயாளிகளுக்கான படச் சீட்டுகள் கிடந்தன. வாள், யாழ், கோல், வில். நான்கையும் அவள் முன்னால் வரிசையாக வைத்தேன்.

"எதுலக்கா?"

அவள் விரல் வில்லின் மேல் விழுந்தது.

சீட்டுகளைக் கலைத்து மறுபடி வைத்தேன். வில். மூன்றாவது முறை வைத்தபோது அவள் விரல் தவறி, வில்லுக்கும் கோலுக்கும் நடுவில் மேசையில் விழுந்தது.

"வேடன் எதுக்குக்கா? உனக்கு வழியெல்லாம் தெரியுதே."

அவள் வாயைத் திறந்தாள். "வே... தெரியல," என்றாள். "தெரியல. தெரியல." கைத்தடியால் தரையில் ஒரு தட்டுத் தட்டினாள்.

வாசலில் மாமா வருவது தெரிந்தது. அவருடைய இருமல் கேட்டதும் அக்கா அந்தப் பக்கம் திரும்பினாள்.

எனக்கு இருந்தது அரை நிமிடம். மூன்று முறையில் இரண்டு முறைதான் வில். ஆய்வகத்தில் இதை முடிவென்று ஏற்க மாட்டோம். வேடன் எதற்கென்று அவளால் சொல்ல முடியவில்லை. ஒன்பதாவது நிலை வந்தால் சொல்லிவிடுவாள். அதை விட்டுக்கொடுத்தால் எப்போதும் சொல்ல மாட்டாள். இதெல்லாம் சரியான காரணங்கள். இவற்றுக்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. அவள் குரலில் முழுசாக ஒரு வாக்கியம் எனக்கு வேண்டியிருந்தது.

சீட்டுகளை அடுக்கி உறையில் போட்டேன்.

"என்ன வெளையாட்டு ரெண்டு பேரும்?" என்றார் மாமா.

"சும்மா மாமா."

அக்கா என்னைப் பார்க்கவில்லை. காலியான மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் ஹபீப், "பாணன் ஒன்பதுதானே?" என்று கேட்டபோது, ஆமாம் என்றேன்.

*

நான்காம் நாள், சனிக்கிழமை காலை, காபியை எடுத்துக்கொண்டு அவள் அறைக்குள் போனேன். வழக்கம்போலத் திடுக்கிட்டாள்.

"நான்தான்க்கா."

"நீ சொன்னாத்தான் நீயின்னு தெரியுது புள்ள," என்றாள் அக்கா.

டம்ளரைக் கீழே வைத்தேன். "மாமா," என்று கூப்பிட்டேன். "மாமா, இங்க வாங்க. முழு வாக்கியம்." அவர் கையில் மாவோடு ஓடி வந்தார். நான் விரலை மடக்கி எண்ணினேன். நாலு சொல், கடைசியில் என்னைக் கூப்பிட இன்னும் ஒரு சொல். எழுவாய் சரி, வினை சரி. எனக்கு அழுகை வந்தது. அந்த வாக்கியத்தின் அமைப்பைத்தான் கேட்டேன். அது என்ன சொல்கிறது என்று கேட்கவில்லை.

அக்கா காத்திருந்தாள். பிறகு, குழந்தைகளுக்குச் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னாள்.

"எனக்கு யாரோட மூஞ்சியும் தெரியல. கண்ணு தெரியுது, மூக்கு தெரியுது. சேர மாட்டீங்குது. எல்லா மூஞ்சியும் ஒரே மாவுல ஊத்துன மாதிரி இருக்குது."

மாமா தன் கையில் இருந்த மாவைப் பார்த்தார். "நானு?"

"இருமுனா நீங்க."

"இதழு?"

அவள் இரண்டு விரலை நீட்டினாள்.

"ரெண்டு புள்ளைக வருது. எது என்ற புள்ளைன்னு தெரியல. எது வந்தாலும் தடவிக் குடுத்தர்றேன்."

ஹபீபுக்கு போன் செய்தேன்.

"முகமும் வேடன்லதான் வரும். முதல் நிலையிலயே வந்திரும், ஒரே ஊசி," என்றார். "நாங்க சோதிச்சோங்க. போட்டோவைக் காட்டிப் பேர் கேட்டோம். சொல்லல. ஆனா அப்ப அவங்க எதுக்குமே பேர் சொல்லலியே. பேச்சு வரலைன்னு எழுதிட்டோம்."

"இப்ப ஒண்ணு..."

"இருபது முடிஞ்சுதுங்க."

போனை வைத்தேன். மாமா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரால் முகங்களைப் பார்க்க முடிந்தது. சொல்லித்தான் ஆக வேண்டும்.

"சீட்டுக் காட்டுனப்ப அக்கா வேடனைத்தான் காட்டுச்சு மாமா. ரெண்டு வாட்டி. நான்தான் உங்ககிட்டச் சொல்லல."

அவர் எழுந்தார். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். சமையலறைக்குப் போய் அடுப்பை அணைத்தார். வெகுநேரம் அங்கேயே நின்றார். திரும்பி வந்தபோது, "அவ மனசுல என்ன இருக்குதுன்னு எனக்குத் தெரியும்னு சொன்னனே," என்றார், யாரிடமோ சொல்வதுபோல. "சட்னி சட்னியா அரைச்சு ஊத்தியிருக்கறேன்."

"தொக்கு நல்லா இருந்துச்சு," என்றாள் அக்கா.

அவள் சிரித்தாள். மாமாவும் சிரித்தார், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். என்னால் முடியவில்லை. ஒன்பதாவது நிலை இல்லாவிட்டால் இதை அவள் எங்களிடம் சொல்லியே இருக்க முடியாது என்று எனக்குள் ஏதோ வாதாடிக்கொண்டிருந்தது. அந்த ஒரு ஊசியை அவள் கேட்ட இடத்தில் போட்டிருந்தால் சொல்ல வேண்டிய தேவையே இருந்திருக்காது என்பதும் தெரிந்திருந்தது. இரண்டும் மாறி மாறி வந்தன. எழுந்து ஜன்னல்வரை போய் வந்தேன்.

"உக்காரு புள்ள," என்றாள் அக்கா. "பதினொண்ணு, ஒன்பது. பில்டு நல்லாத்தான் இருக்குது. ஆடறது நான்னு நீ நெனச்சிருக்கலாம்."

கோபமாகச் சொல்லவில்லை. அதனால் இன்னும் உட்கார முடியவில்லை.

கதவோரம் இதழினி நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. லீவு நாள். சீருடை இல்லை, பின்னல் இல்லை. தலையை விரித்துப் போட்டிருந்தாள். அக்காவின் பார்வை அவள்மேல் பட்டு, அவளைத் தாண்டிப் போய், திரும்பி வந்தது. கூடத்தில் இருக்கும் நாற்காலியைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

நான் பீரோவைத் திறந்தேன். கொலுசு துணிப் பையில் இருந்தது. மண்டியிட்டு உட்கார்ந்து இதழினியின் காலைப் பிடித்தேன். திருகைப் போட்டேன்.

"அம்மாக்குத் தல வலிக்கும் சித்தி," என்று என் காதில் சொன்னாள்.

"வலிக்காது. நட."

அவள் ஓரடி வைத்தாள்.

அக்காவின் தலை நிமிர்ந்தது. இன்னொரு அடி. அக்கா கைத்தடியை விட்டுவிட்டுக் கட்டிலின் விளிம்புக்கு நகர்ந்தாள். இதழினி சுவர் ஓரமாக ஜன்னலுக்குப் போனாள், அங்கிருந்து அலமாரிக்கு, மறுபடி கதவுக்கு. அக்காவின் முகம் அவளோடு கூடவே திரும்பிக்கொண்டிருந்தது. குழந்தை அதைக் கண்டுபிடித்துவிட்டாள். வேகமாகப் போனாள், மெதுவாகப் போனாள், குதித்தாள். பிறகு கட்டிலுக்கு நேரே வந்து, அம்மாவை ஏறிட்டுப் பார்த்து, அசையாமல் நின்றாள்.

அக்காவின் கண்கள் மெல்ல அவள் முகத்திலிருந்து நழுவின.

"நின்னீன்னா காணாமப் போயிருவ சாமி," என்றாள் அக்கா. "நடந்துட்டே இரு."